சுவருக்கு எத்தனை தூரம்

முத்தியால்பேட்டைக்காரரான தணிகாசலம், ஒரு கல்லூரியில் இயற்பியல் செய்முறை வகுப்பு எடுப்பவர். நாற்பத்தாறு வயது. எட்டு வருடமாக ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு மாரடித்தார்: டோக்கமாக் என்கிற அணு இணைவு உலைக்குள் காந்தத்தால் பிடித்து வைக்கும் பிளாஸ்மா, அதாவது கொதிக்கும் மின்வாயு, எந்த வடிவத்தில் தங்கும்? வட்டமாக விட்டால் சூடு சீக்கிரம் ஓடிவிடும். முட்டை மாதிரி நெட்டுக்கு நீட்டினால் சூடு கூடுதல் நேரம் நிற்கும். ஆனால் கொஞ்சம் பிசகினாலும் பிளாஸ்மா மேலோ கீழோ நழுவி, சுவரில் மோதி அணைந்துவிடும். உலோகச் சுவர் ஒட்டினாற்போல இருந்தால் நழுவாது என்பது அவருடைய கணக்கு.

1983 மார்ச்சோடு முனைவர் பட்டத்துக்கான அவருடைய ஆராய்ச்சிப் பதிவு காலாவதி. கணக்கைச் சரிபார்க்கச் சென்னையில் கம்ப்யூட்டர் கிடைத்ததோ ஒரே தடவை. அனுப்பிய தாளெல்லாம் டைப் அடித்தது. சுவரின் தூரத்தை மட்டும், பிளாஸ்மாவின் ஆரத்தைப் போல 1.2 மடங்கு என்று, கடைசி நிமிடத்தில் கையால் எழுதிச் சேர்த்தார்.

முடிவு வந்தது. நீட்டிய வடிவம் ஒன்றுகூடத் தேறவில்லை; எல்லாமே நழுவின. மனிதர் இடிந்துபோனார். அவசரக்குடுக்கை, ஒரு நாள் பொறுத்தாரா? தன் கணக்கே தப்பு, பதிவை ரத்து செய்யுங்கள் என்று சென்னையில் இருந்த வழிகாட்டிப் பேராசிரியர் நாராயணசாமிக்கு அன்றைக்கே கடிதம் போட்டார்.

நான்காம் நாள்தான், முடிவோடு திரும்பி வந்திருந்த தன் தாளையும், கம்ப்யூட்டருக்கு எண்களை ஊட்டும் துளை அட்டைகளையும் புரட்டினார். அட்டையில் சுவரின் தூரம் 7.2 என்று இருந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் பழகிய கை, அவர்கள் வழக்கப்படி ஒன்றின் தலையில் நீளக் கொக்கி போட்டிருக்கிறது; அட்டையில் துளை போட்ட சென்னைக்காரர் அதை ஏழாக்கிவிட்டார். அவ்வளவு தள்ளிப்போன சுவர் எதைத் தாங்கும்? தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கிடைத்த பஸ்ஸில் சென்னைக்கு ஓடினார்.

"லெட்டரை நேத்தே மேல அனுப்பிட்டேனே, தணிகாசலம். ரத்து பண்ணிட்டாங்க," என்றார் நாராயணசாமி.

"அது ஏழு இல்ல சார். ஒண்ணு."

பேராசிரியர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "எனக்கும் ஏழாத்தான் தெரியுது," என்றார்.

வீட்டில் மனைவி பார்வதி அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "அப்ப உங்க கணக்கு தப்புங்களா?"

"இல்ல. வர்ற வழியில பஸ்ஸுலயே ஒரு வடிவத்துக்குக் கையால போட்டுப் பாத்தேன். நிக்குது."

"அப்ப போயி சொல்லுங்களேன்."

"யாருகிட்ட?" என்றார். எட்டு வருடத்தில் அவள் எதிரில் அவர் அழுதது அன்றைக்குத்தான்.