ஜூலை இருபதின் மூன்றாவது வரி

ஊமத்தை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்து அரைக்கும்போது எழும் அந்தக் கசப்பு வாசனை எப்போதாவது மூக்கில் ஏறினால், எனக்கு உடனே ஒரு கரும்பலகையும், அதன் முன்னால் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கும் என் அக்கா சாந்தாமணியும்தான் நினைவுக்கு வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அக்கா அந்தக் கலவையை ஒரு பழைய "போசி"யில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், பிரேயர் நடக்கும் இடத்தில் சுவரோடு பதித்திருந்த பலகையை மெழுகிவிட்டு வருவாள். கைகள் மணிக்கட்டு வரை பச்சையும் கறுப்புமாக இருக்கும். அந்தக் கையோடு சோறு உண்ண உட்கார்ந்தால் அம்மா திட்டுவாள்.

கோயமுத்தூரின் கிழக்கு ஓரத்தில், மில்லை ஒட்டி, மில்காரர்களே கட்டிக்கொடுத்து மில்காரர்களே நடத்திய பள்ளிக்கூடம் அது. மில்லுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மதில்சுவர்தான். காலை ஒன்பது மணிக்கு மில் "சங்கு" ஊதும். அந்தப் பக்கம் பகல் ஷிப்டு ஆட்கள் உள்ளே போவார்கள், இந்தப் பக்கம் நாங்கள் வரிசையில் நிற்போம். எங்கள் அப்பா அங்கே ஸ்பின்னிங்கில் ஃபிட்டர். பள்ளிக்கூடத்தில் படித்த எல்லோருக்குமே அப்பாவோ மாமாவோ அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தார்கள்.

எங்கள் தலைமையாசிரியையை, "பெரிய டீச்சர்" என்றுதான் சொல்வோம், ஒரு ஆசை பிடித்திருந்தது. அவரிடம் தடிமனான இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு தேதிக்கும் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று அதில் போட்டிருக்கும். அதிலிருந்து இரண்டு சங்கதிகளைத் தமிழில் சொல்வார். "வரலாற்றில் இந்நாள்" என்று தலைப்புப் போட்டு அக்கா பலகையில் எழுதுவாள். எழுதியவளே பிரேயரில் உரக்க வாசிப்பாள். ஒவ்வொரு வரி முடிந்ததும் நாங்கள் கைதட்ட வேண்டும். வரலாற்றுக்கு நாம் செய்யும் மரியாதை அது என்பது பெரிய டீச்சரின் கட்சி. மரியாதை என்றால் எங்கள் பக்கத்தில் கேட்கவா வேண்டும், தட்டித் தள்ளினோம். ஏப்ரல் பதினைந்தில் பெரிய கப்பல் ஒன்று பனிப்பாறையில் மோதி மூழ்கியதற்குத் தட்டினோம். ஆகஸ்ட் ஆறில் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்ததற்கும் தட்டினோம். தட்டாதீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. வரி முடிந்தால் தட்ட வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த வரலாறு.

அந்தப் பலகையைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு எண்ணம் ஊறிப்போயிருந்தது. நடப்பதெல்லாம் வேறெங்கோதான் நடக்கும், எங்கள் ஊரில் எதுவும் நடக்காது. அக்காவிடம் ஒருநாள் கேட்டேன், நம்மூர் ஏன் பலகையில் வருவதே இல்லை என்று. "ஏதாச்சும் நடக்கட்டும் கண்ணு, நானே எழுதறேன்" என்றாள். அவள் டீச்சர் டிரெயினிங் படிப்பது என்று அப்போதே முடிவுசெய்து வைத்திருந்தாள். அவளது கையெழுத்தைப் பார்த்தவர்கள் யாரும் அதைச் சந்தேகப்பட்டதில்லை.

நான் ஏழாவதும் அக்கா ஒன்பதாவதும் படித்த வருடம், ஜூலை இருபதாம் தேதி காலை, பலகையில் மனிதன் நிலவில் கால் வைத்த வரியும், அதே தேதியில் சில வருடங்கள் கழித்து ஆளில்லாத விண்கலம் ஒன்று செவ்வாயில் இறங்கிய வரியும் இருந்தன. நிலவுக்கு எங்களை இரண்டு முறை தட்டச் சொன்னார் பெரிய டீச்சர். தட்டி முடித்த பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது, அன்றைக்குச் சங்கு ஊதவில்லை. மதிலுக்கு அந்தப்பக்கம் கேட்டில் ஆட்களின் பேச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் "தூக்குப்போசி", அம்மா காலையில் போட்டுக்கொடுத்த தக்காளிச் சோறு அப்படியே.

கேட் பூட்டியிருந்ததாம். நோட்டீஸ் ஒன்றும் இல்லை. பூட்டுக்கு அந்தப்பக்கம் நின்ற வாட்ச்மேன், அவரும் எங்கள் தெருக்காரர்தான், கையைக் கட்டிக்கொண்டு சொன்னாராம்: "இன்னைக்கு இல்லைங்க. நாளைக்கு வந்து பாருங்க."

அந்த "நாளைக்கு" ஒரு வருடம் நீண்டது. வேறு ஊராக இருந்திருந்தால் மறுநாளே கல் பறந்திருக்கும், கேட் சாய்ந்திருக்கும். எங்கள் ஊரில் மரியாதையாகச் சொன்னதை மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். வாட்ச்மேன் "ங்க" போட்டுச் சொன்னார், இவர்கள் "சரிங்க" என்று திரும்பினார்கள். மானேஜர் காருக்குள்ளிருந்து கும்பிட்டார், இவர்கள் வெளியே நின்று கும்பிட்டார்கள். ஏமாற்றுகிறவனும் ஏமாறுகிறவனும் ஒருவரையொருவர் வாங்க, போங்க என்று அழைத்துக்கொண்ட அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ஆடி பதினெட்டு போனது, தீபாவளி "நோம்பி" போனது, தைப் பொங்கலும் போனது. அப்பா தினமும் காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, போசியைத் தூக்கிக்கொண்டு, ஒன்பது மணிக்குக் கேட்டில் போய் நின்றுவிட்டுத் திரும்பினார். அந்தச் சோற்றைத்தான் மத்தியானம் நாங்கள் பங்கிட்டு உண்டோம்.

அம்மா ஒரு பவுண்டரியில் மண் சலிக்கும் வேலைக்குப் போகத் தொடங்கினாள். "ஏனுங்க, நீங்களும் ஒரு லேத்துப் பட்டறையிலயாச்சும் கேட்டுப்பாருங்களே" என்று அவள் சொன்னால் அப்பாவிடம் எப்போதும் ஒரே பதில்தான்.

"வேற எடத்துக்குப் போனா நாமளா நின்னுபோட்டம்னு ஆயிருமுங்க. மில்லுத்தான் மூடலையே."

மூடவில்லை. அதுதான் அந்த வருடம் முழுக்க எல்லோரும் சொன்னது. மூடினோம் என்று சொன்னால் எந்தத் தேதியில் என்று சொல்ல வேண்டும், தேதியைச் சொன்னால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே தேதியே இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது. அக்காவுக்கு அப்போதே விளங்கியிருக்கிறது.

அடுத்த ஜூலை இருபது வந்தது. அக்கா பத்தாவதில் இருந்தாள். நிலவு, செவ்வாய், அதே இரண்டு வரிகள். அவற்றுக்குக் கீழே, அதே முத்து முத்தான எழுத்தில், மூன்றாவதாக ஒரு வரி: "சென்ற ஆண்டு இதே நாளில் நம் ஊர் மில் மூடப்பட்டது." பெரிய டீச்சர் பலகைக்குப் பக்கத்தில் எங்களைப் பார்த்து நின்றதால் அவர் கண்ணில் அது படவில்லை. அக்கா வாசித்தாள். நிலவுக்குத் தட்டினோம். செவ்வாய்க்குத் தட்டினோம். மூன்றாவது வரியைக் குரல் கொஞ்சமும் நடுங்காமல் வாசித்து முடித்தாள்.

பள்ளிக்கூடமே கைதட்டியது.

மில்லை நம்பிப் பிழைத்த வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேரும், வரி முடிந்ததும் பழகிய கைகளால், வஞ்சனையில்லாமல் தட்டினோம். டீச்சர்களிலும் சிலர் தட்டினார்கள். பலகை முன்னால் நின்ற அக்காவின் முகம் எப்படிப் போனது என்பதை நான் பார்த்தேன். அவள் என்ன எதிர்பார்த்தாளோ தெரியாது. யாராவது ஒருவர் அழுவார்கள் என்றோ, எல்லோரும் வாயடைத்து நிற்பார்கள் என்றோ நினைத்திருக்கலாம். கைதட்டலை அவள் எதிர்பார்க்கவில்லை. பெரிய டீச்சர் திரும்பிப் பலகையைப் பார்த்து, தன் முந்தானையாலேயே அந்த வரியை அழித்தார்.

அன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே அப்பா எங்களிடம் கேட்டார், "கேட்டு வரைக்கும் கேட்டுச்சு. அத்தனை பேரும் எதுக்குக் கண்ணு கை தட்டுனீங்க?"

அக்காதான் சொன்னாள். நிலவைப் பற்றிச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை, மூன்றாவது வரியையும் சொன்னாள், அதற்கும் தட்டினார்கள் என்பதையும் சொன்னாள். அப்பா உண்ணாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். "பொட்டாட்ட வாயை மூடிட்டு இருந்திருக்கலாமல்ல அம்மணி" என்று அம்மா முணுமுணுத்தாள்.

மறுநாள் பெரிய டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் அக்காவும் அறை வாசலில் நின்றோம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பா நின்ற நிலையை எழுதுவதற்கு இப்போதும் கூசுகிறது.

"வாங்க, உக்காருங்க" என்றார் பெரிய டீச்சர். அப்பா உட்காரவில்லை. "மில்லு மூடிட்டாங்கன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது? நோட்டீஸ் ஒட்டியிருக்காங்களா? நிறுத்தி வெச்சிருக்காங்க, அவ்வளவுதானுங்க. நடக்காததை எழுதிப்போட்டா அதுக்குப் பேரு வரலாறுங்களா?"

"புள்ள தெரியாம எழுதிப்போடுச்சுங்க."

"தெரிஞ்சுதானுங்க எழுதுனேன்" என்றாள் அக்கா வாசலிலிருந்தே.

பெரிய டீச்சருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒண்ணும் பெரிசு பண்ண வேண்டாமுங்க. மேல இருந்து கேக்கறாங்க, நானும் பதில் சொல்லோணுமல்லங்க. நாளைக்குப் பிரேயர்ல அம்மணி வந்து, எழுதுனது பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லிரட்டும். அதோட முடிஞ்சுது" என்றார்.

அப்பா கும்பிட்ட கையைக் கீழே இறக்கவில்லை. சரிங்க என்றுதான் சொல்லப்போகிறார் என்று நான் நினைத்தேன், ஒரு வருடமாக அவர் வாயில் அதைத் தவிர வேறு சொல்லை நான் கேட்டதில்லை.

"பொய்யின்னு எப்படீங்க டீச்சர் சொல்றது? தெனமும் போய் நின்னது நாந்தானுங்களே."

அதற்குமேல் அங்கே பேச்சில்லை. "அம்மணி கையெழுத்துக்கு எந்தப் பள்ளிக்கூடத்துலயும் எடம் குடுப்பாங்க" என்று வாழ்த்திவிட்டுத்தான் டிசி கொடுத்தார்கள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இடம் கொடுக்கவில்லை. பத்தாவதில் நடுவில் யாரையும் சேர்ப்பதில்லை என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். அடுத்த வருடம் வாருங்கள் என்று இன்னொரு இடத்தில் சொன்னார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டுக்கு அதற்குள் நன்றாகத் தெரிந்துவிட்டிருந்தது. ஆவணி பிறந்ததும் அக்கா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால் அதைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போடும் வேலை. டீச்சராகிப் பிடித்திருக்க வேண்டிய சாக்பீஸை அவள் அங்கேதான் பிடித்தாள், கண்பார்வை மங்கும் வரை பிடித்தாள்.

அப்பா அதன்பிறகு கேட்டுக்குப் போகவில்லை. காக்கிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே வேலை கேட்டு வருகிறவர்களிடம் அவர் ஒருநாளும் நாளைக்கு வாங்க என்று சொன்னதில்லையாம். "இங்க வேலை இல்லைங்க, வேற எடம் பாருங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாராம். வெடுக்கென்று பேசுகிற கிழவர் என்று அவருக்கு அங்கே பெயர்.

இப்போது அந்த மில் இருந்த இடத்தில் நீச்சல் குளத்தோடு அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. புகைபோக்கியை இடித்துவிட்டார்கள். பள்ளிக்கூடமும் இல்லை, பலகை பதித்த சுவரும் இல்லை. அந்த இடம் கார் நிறுத்துவதற்குப் போய்விட்டது. பெரிய டீச்சர் எப்போதோ போய்ச் சேர்ந்தார், அப்பாவும் போய்விட்டார். மில் எந்தத் தேதியில் மூடப்பட்டது என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று நானும் விசாரித்துப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கொரு வருடம் சொல்கிறார்கள்.

"வரலாற்றில் இந்நாள்" மட்டும் போகவில்லை. பலகைக்குப் பதில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் விடிந்ததும் வந்து விழுகிறது. அனுப்புவது அக்காவின் மகன். எங்கிருந்தோ வருவதை அப்படியே தள்ளிவிடுகிற பையன், கெட்டவனில்லை. இந்த ஜூலை இருபதன்றும் அனுப்பினான். நிலவு இருந்தது, செவ்வாய் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, குழுவில் ஒருநாளும் எதையும் எழுதாத அக்கா, அதற்குக் கீழே தடவித் தடவி ஒரு வரியைத் தட்டியிருந்தாள்: "இதே நாளில் நம் ஊர் மில் மூடப்பட்டது."

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் என் மகள் இரண்டு மஞ்சள் கைகள் தட்டுகிற படத்தைப் போட்டாள். பிறகு சித்தப்பா மகன் போட்டான், அவன் மனைவி போட்டாள், பெங்களூரிலிருந்தும் துபாயிலிருந்தும் போட்டார்கள். அக்காவின் மகன் ஒன்றுக்கு மூன்றாகப் போட்டு, "சூப்பர்ம்மா" என்றும் எழுதினான்.

அக்கா போனில் கூப்பிட்டாள். "பாத்தியா கண்ணு" என்றாள்.

போனை வைத்த பிறகு, அப்பா கேட்டதை நான் குழுவில் எழுதினேன்: "எதுக்குக் கண்ணு கை தட்டுனீங்க?"

அதற்குக் கீழே, விடிந்ததும் ஜூலை இருபத்தொன்றுக்கான பட்டியல் வந்துவிட்டது.