அக்கா பூட்டிய வானொலி

2025 செப்டெம்பர் 6, சனிக்கிழமை. காலை ஐந்தேகாலுக்கு எழுந்தேன். முற்றம் கூட்டி, கிணற்றடியில் உடுப்புத் தோய்த்து, ஏழு மணிக்குத் தேநீர் குடித்தேன். சந்தையில் கீரையும் அரைக் கிலோ இறாலும் வாங்கினேன். பத்து மணிக்கு, அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்காக இதனை எழுத அமர்ந்தேன். திகதிகள் பிழைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சென்ற வருட நாட்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அக்கா பழுகாமத்தில் பிறந்தார். தங்கையான எனக்குப் பத்து வயது மூத்தவர். அப்பா காலமானதும் மேற்படிப்பை விட்டு, பாடசாலை ஆய்வுகூட உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். தொண்ணூறாம் ஆண்டில் போரால் இடம்பெயர்ந்து தோணியில் வாவியைக் கடந்தபோது, உயர்தரப் பரீட்சைக்காக நான் எழுதி வைத்திருந்த கொப்பிகளைப் பொலித்தீனில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தார். தன் உடுப்புப் பையை விட்டுவிட்டார். பின்னர் கல்லடியில் அத்தானைக் கைப்பிடித்தார். நானும் பக்கத்து வளவில் குடியேறினேன்.

ஆய்வுகூடத்தில் ஒரு சோதனை சரிவராவிட்டால் அக்கா வீட்டுக்கு வரமாட்டார். கம்பி கம்பியாகத் தொட்டுப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடித்த பிறகுதான் வருவார். ஓய்வு பெற்ற பின் தன் கையால் ஒரு வானொலி செய்ய விரும்பினார். பாகங்களைத் தபாலில் வரவழைத்தார். அதற்குள் பார்வை மங்கிவிட்டது, கையும் நடுங்கத் தொடங்கிவிட்டது. ஆகவே பாகங்களோடு வந்த ஆங்கிலத் துண்டுத்தாளின் பட்டியலை நான் நாட்குறிப்பில் தமிழில் எழுதி வாசித்து, மின்னோட்டத்தைக் குறைக்கும் தடையிகளை அவற்றின் நிற வளையங்களைப் பார்த்து எடுத்துக் கொடுப்பேன். அவர் பலகையில் பூட்டி, ஈயக்கோலைச் சூடாக்கி ஈயத்தை உருக்கிப் பொட்டுப் பொட்டாக வைப்பார்.

2024 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை, வேலை முடிந்தது. வானொலி பேசவில்லை.

பற்றரியை மாற்றினோம். ஒவ்வொரு ஈயப்பொட்டையும் அக்கா உருக்கி மறுபடி வைத்தார். நான் பட்டியலை மறுபடி வாசித்தேன்.

“ஏழாவது என்ன புள்ள?” என்று அக்கா கேட்டார்.

“மண்ணிறம், கறுப்பு, மண்ணிறம்.”

“வடிவாப் பாத்துச் சொல்லு கா.”

“அப்பிடித்தான், அக்கா, எழுதியிரிக்கி.”

“அப்ப சரிதான். உன்ட கொப்பியில பிழை வராது.”

வாசலில் நின்ற அத்தான் சிரித்தார். “அது பேசாட்டி என்னகா? நீங்க ரெண்டு பேரும் பேசுற சத்தம் கல்லடிப் பாலம் வரைக்கும் கேக்குது.”

மூன்று ஞாயிறுகள் இப்படிப் போயின. மூன்றாவது ஞாயிறு அக்கா பலகையை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து மூடினார்.

“என்ட கைதான் சரியில்ல புள்ள. இனி இந்தக் கையால ஒண்டும் ஏலா.”

அதன் பிறகு அவர் ஈயக்கோலைத் தொடவில்லை. அந்த வருட ஒக்டோபரில் எங்களை விட்டுப் போனார்.

மலருக்கு எழுதுவதற்காக நாட்குறிப்பில் இந்தத் திகதிகளைப் பார்த்தபோதுதான் அன்றைய பட்டியலும் கண்ணில் பட்டது. சுருக்கமாக இருக்கட்டுமென்று நிறங்களின் முதல் எழுத்தை மட்டும் எழுதியிருந்தேன். ஏழாவது: ம, க, ம. பதினோராவது: ம, க, ம. மண்ணிறத்துக்கும் ம, மஞ்சளுக்கும் ம.

வேலி கடந்து ஓடினேன். அத்தான் டின்னை எடுத்துத் தந்தார்.

“எறியச் சொன்னா. எனக்கு மனம் வரல்ல கா.”

டின்னுக்குள் இருந்த ஆங்கிலத் துண்டுத்தாளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். ஏழாவது மஞ்சளில் முடிய வேண்டும், பதினோராவது மண்ணிறத்தில். இரண்டையும் நான் மாற்றிக் கொடுத்திருந்தேன். பாகம் ஒன்றும் மிஞ்சாததால் அப்போது சந்தேகம் வரவில்லை. அக்கா வைத்த ஈயப்பொட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அத்தனையும் உருண்டையாக, பளபளப்பாக இருந்தன.

“அத்தான், அக்காட கையில பிழையில்ல. நான் வாசிச்சதுதான் பிழை.”

அத்தான் பலகையை வாங்கிப் பார்த்தார். “அவக்கு இது தெரிஞ்சிரிக்கணும் கா,” என்றார்.

அன்று மாலை முழுவதும் எனக்கும் அந்த ஒரே எண்ணம்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, “அக்கா, பிழை பிடிபட்டிட்டு!” என்று கூப்பிட வேண்டும்போல் இருந்தது. “எங்க கா?” என்று அவர் எழுந்து வரும் சத்தத்தை ஒரு முறை கேட்டால் போதும். வேலிப் படலை வரை போய்த் திரும்பினேன்.

அக்கா நோயுற்றிருந்தபோது வைத்தியசாலையில் முறை வைத்துத் துணையிருந்த அயலவர்களுக்கும், பழுகாமத்திலிருந்து கஞ்சி கொண்டுவந்த உறவினர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எறியச் சொன்னதை எறியாத அத்தானுக்கு என் தனிப்பட்ட நன்றி.

மறுநாள் காலை முற்றம் கூட்டவில்லை. முதல் வேலையாக அக்காவின் ஈயக்கோலைச் சூடாக்கினேன். அத்தான் பலகையைப் பிடித்துக்கொள்ள, அந்த இரண்டு தடையிகளை மட்டும் கழற்றி இடம் மாற்றினேன். அக்கா வைத்த மற்றப் பொட்டுகள் எதையும் தொடவில்லை. ஆறு இருபதுக்கு வானொலி பேசியது. அத்தான் அதை அணைக்க விடவில்லை.