தெருவே கேட்ட கடிதங்கள்

நுவரெலியாவில் ஹமீத் முதலாளியின் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுத்த ஜமால்தீனுக்குக் குளிர் கடைசிவரை பழகவில்லை. தொண்டிப் பக்கத்துக் கடற்கரையில் வளர்ந்த உடம்பு. கடைக்கு மேல் மாடியில் ஐந்து பேரோடு படுக்கை. காலையில் தொட்டித் தண்ணீரை முகத்தில் அடித்தால் தாடை மரத்து, முதல் ஆள் சேலை கேட்டு வரும்வரை பேச்சு குழறும்.

இலங்கையில் தங்க இரண்டு வருஷப் பெர்மிட்டில் வந்தார். ஒருமுறை நீட்டினார்கள். ஊருக்குப் போனால் திரும்ப விடமாட்டார்களோ என்ற பயத்தில் நான்கு வருஷமாகப் போகவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்தால் அரை நாள் ஓய்வு. தனியாகக் குளத்தைச் சுற்றி வருவார். குதிரைப் பந்தயத் திடலின் வேலியோரம் நிற்பார். பஸ் ஏறி ஹக்கல பூந்தோட்டத்துக்கும் போயிருக்கிறார். ஆசைப்பட்டு அல்ல; கடிதத்தில் எழுத ஏதாவது வேண்டுமே.

மனைவி செரீபாவுக்கு எழுத்து தெரியாது. கடிதம் வந்தால் பள்ளிக்கூட வாத்தியார் முற்றத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார், தெருவே கேட்கும். முன்பு பினாங்குக்குப் போன ஊர்க்காரன் ஒருவன், 'உன் நினைப்பாகவே இருக்கிறது' என்று எழுதிவிட, அவன் மனைவி ஆறு மாதம் கிணற்றடிக்குப் போகக் கூசினாள். அதனால் ஜமால்தீன் வாத்துகளையும், குதிரையில் போகும் வெள்ளைக்காரிகளையும், தலை அளவு முட்டைக்கோஸையும் எழுதினார். 'பூ விதை அனுப்பவும்' என்று பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் பதில் வந்தது. செரீபாவின் பதில் எப்போதும் ஒன்றுதான்: 'அனைவரும் சுகம். தங்கள் இஷ்டம்போல் செய்யவும்.' அது அவள் சொன்னதா, வாத்தியார் எழுதியதா தெரியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு மார்ச்சில் பெர்மிட் முடிய இருந்தது. 'வாங்க' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் கிளம்பிவிடுவார். கடையின் சமையல்கார அலியார் அதே ஊர்க்காரர், இலங்கைப் பிரஜையாகப் பதிந்தவர்; தைரியமாகப் போய் வருவார். வயதில் மூத்தவர் என்பதால் ஜமால்தீனுக்கு அவர் 'காக்கா', அண்ணன். அவர் ஊருக்குப் புறப்பட்டபோது ஜமால்தீன் தனியே அழைத்தார்.

"காக்கா, நான் இருக்கவா, வரவான்னு அவகிட்ட கேட்டுட்டு வாங்க. யாரும் இல்லாதப்ப."

"இந்தத் தாடிய வச்சுக்கிட்டு நான் தூது போகணுமா?" என்று சிரித்தாலும் அலியார் கேட்டுவிட்டுத்தான் வந்தார்.

திரும்பி வந்த அன்று அலியார் அடுக்களையில் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வரச் சொல்லுச்சா, காக்கா?"

"சொல்லல."

ஜமால்தீன் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தார்.

"கதவுக்குப் பின்னால நின்னு ஒண்ணு சொல்லுச்சு. 'குளம் நல்லாருக்காம், குதிரை நல்லாருக்காம். அவுக எப்படி இருக்காகன்னு நாலு வருஷத்துல ஒரு வரி இல்ல. அவ்வளவு சந்தோஷமா இருக்குறவுகள நான் எப்படி வரச் சொல்ல?' அப்படின்னுச்சு."

அரிசி கொதிப்பதற்குள் ஜமால்தீன் தபால் தாள் எடுத்து எழுதினார். 'இங்கே எனக்கு நன்றாக இல்லை. நீ இல்லாமல் இனி முடியாது. மார்ச்சில் வருகிறேன்.'

அலியார் எட்டிப் பார்த்தார். "தம்பி, வாத்தியார் இதையும் சத்தமாத்தான் படிப்பாரு."

"படிக்கட்டும்."

கடையில் ஹமீத் முதலாளி பெர்மிட்டை நீட்டிக்கும் விண்ணப்பத்தைக் கொடுத்தார். "கையெழுத்து வைங்க ஜமால், கொழும்புக்கு அனுப்பணும்."

"வேணாம் முதலாளி. நான் ஊருக்குப் போறேன்."

"போயி என்ன செய்வீங்க?"

"தெரியல முதலாளி," என்றார். பிறகு, "தபாலுக்குப் போயிட்டு வந்துடுறேன்" என்று படியிறங்கினார்.