செக்கரட்டரிக்குப் பாடிய ஒப்பாரி

விருத்தாசலத்தில் எத்தனையோ சங்கம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலாளர் இருக்கிறார். ஆனால் செக்கரட்டரி என்று சொல்லி ஆட்டோவில் ஏறினால், எங்கள் கால்பந்து கிளப்பின் செயலாளர் வீட்டு வாசலில்தான் கொண்டுபோய் இறக்குவார்கள். அவருடைய பேரே பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் அந்த கிளப்பின் ரசிகை. பந்தைக் காலால் தொட்டவள்கூட இல்லை. பீங்கான் கம்பெனியில் அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்கு விளிம்பு சுரண்டுகிற வேலை எனக்கு. வேலை விட்டதும் மேலெல்லாம் வெள்ளைப் பொடியோடு நேராக மைதானத்துக்குப் போய்விடுவேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று நான் கத்த ஆரம்பித்தால் எதிர் அணி கோல்கீப்பர் திரும்பித் திரும்பிப் பார்ப்பான். ஊரில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டுக்கும் ஒரே தொண்டைதான்.

என் பெண் பெண்கள் அணியில் ஆடினாள். பெற்றவள் சொல்கிறாளே என்று நினைக்க வேண்டாம், நன்றாகவே ஆடினாள். பன்னிரண்டாவது முடித்த வருடம் மாநிலப் போட்டி வந்தது. அதில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட் கிடைக்கும். பையில் துணி மணி, முறுக்கு எல்லாம் அடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றோம். செக்கரட்டரி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "இந்த ஒரு தடவ விட்டுக்குடும்மா பாப்பா, அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று அவளிடம் சொன்னார். அவள் இடத்தில் ஏறினவளை நாங்கள் மைதானத்தில் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. அவளை அவள் அப்பா காரில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அப்படி இன்னும் இரண்டு பேர். பஸ் போன பிறகும் என் பெண் பையைக் கீழே வைக்காமல் நின்றாள். அழவே இல்லை பாவி. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்தக் கூத்து ரொம்ப நாள் நிற்கவில்லை. காரில் வந்த பெண்களில் ஒருத்தியை அவள் சேர்ந்த காலேஜில் பந்தை உதைக்கச் சொல்லியிருக்கிறார்கள். உருண்டு வந்த பந்தை அவள் குனிந்து கையால் எடுத்திருக்கிறாள்! அங்கே பிடித்த இழை இங்கே வந்து செக்கரட்டரி கழுத்தில் முடிந்தது. பணம் வாங்கினேன் என்று அவரே ஒப்புக்கொண்டார். பேப்பரில் போட்டோ வந்தது. பதவியிலிருந்து தூக்கினார்கள். போலீஸ் விசாரணை என்றார்கள்.

அதோடு மைதானம் இரண்டாகப் பிளந்தது. அதுவரை எல்லோரும் புங்கமரத்தடியில் ஒரே கும்பலாக உட்கார்ந்துதான் மேட்ச் பார்ப்போம். அதற்குப் பிறகு அவரை விட்டுக்கொடுக்காதவர்கள் மரத்தடியிலும், அவரை வேண்டாம் என்றவர்கள் தண்ணீர் டேங்க் பக்கத்திலும் உட்கார்ந்தோம். ஒரே அணிக்குத்தான் இரண்டு பக்கமும் கை தட்டுகிறோம், ஆனால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் டேங்க் பக்கம். என்னைக் கட்டிய மனுஷன் மரத்தடி.

"நம்ம பொண்ணோட சீட்ட வித்துத் தின்ன ஆளுக்கு நீங்க வக்காலத்து வாங்குறீங்களா? வெக்கமா இல்ல?" என்று சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்பேன்.

"வித்தாரு. நான் இல்லேன்னு சொன்னனா? ஆனா இந்த மைதானம் யாரால வந்துச்சு? நம்ம பாப்பாவுக்கு முட்டி ஒடஞ்சப்ப யாரு தூக்கிட்டு ஓடுனாங்க? நீயும் நானும் ஷிப்டுல இருந்தோம்டி."

அது உண்மைதான். அந்த இடம் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அவர்தான் தாலுகா ஆபீஸுக்கு நடந்து நடந்து வாங்கினார். முள் வெட்டியபோது அவர் கையெல்லாம் ரத்தம். எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் வயிறு அதிகமாக எரிந்தது. யாரோ ஒரு திருடன் திருடினால் திட்டிவிட்டுப் போய்விடலாம். இந்த ஆளை எங்கள் வீட்டு ஆள் என்றல்லவா நினைத்திருந்தோம்!

எங்கள் டேங்க் கோஷ்டிக்கு டீக்கடைக்காரர்தான் தலைமை. அவர் பையனுக்கும் இதேபோல ஒரு வாய்ப்பு கைவிட்டுப் போயிருந்தது. செக்கரட்டரிக்குக் கொடும்பாவி கட்டிக் கொளுத்த வேண்டும் என்று அவர் கிளப்பினார். ஊர் நடுவில் பாலக்கரையில் வைத்தால் போலீஸ் வந்து பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதனால் மைதானத்து வாசலிலேயே, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்று முடிவானது. ஒப்பாரிக்கு ஆள் தேட வேண்டியதில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அன்று மதியம் என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"செக்கரட்டரி நேத்து காத்தால வண்டிய எடுத்துக்கிட்டுப் போனவரு இன்னும் வூட்டுக்கு வரல. போனு அடிக்குது, எடுக்க மாட்றாரு. அந்தம்மா ஏதாச்சும் பண்ணிக்குவாரோன்னு பயந்து போயி கெடக்குது. இன்னிக்கி இதெல்லாம் வேணாம்டி."

"ஒண்ணும் பண்ணிக்க மாட்டாரு. போலீசுக்குப் பயந்து எங்கியாச்சும் ஒளிஞ்சிருப்பாரு. பண்றதப் பண்ணிட்டு இப்ப ஓடி ஒளியுறாராக்கும்" என்று சொல்லிவிட்டுத் தலையை முடிந்துகொண்டு கிளம்பினேன். உள்ளே ஒரு மூலையில் சுருக்கென்றது. அதையும் ஒரு அதட்டு அதட்டி உட்கார வைத்தேன்.

கொடும்பாவியைப் பிரமாதமாகக் கட்டியிருந்தார்கள். உடம்புக்கு வைக்கோல், அதன் மேல் பேன்ட் சட்டை, தலைக்குச் சூளையில் கோணிப்போன ஒரு ஊறுகாய் ஜாடி. மூங்கில் பாடையில் கிடத்தி, வெள்ளைத் துணியை முகம் வரைக்கும் போர்த்தி, செருப்பு மாலைக்குப் பக்கத்தில் எவனோ ஒரு நிஜப் பூமாலையும் போட்டிருந்தான். மேட்சுக்கு மேளம் அடிக்கிற அதே பசங்கள்தான் அன்றைக்கும் வந்திருந்தார்கள். மேட்சுக்கு அடிப்பது ஆட்ட அடி. அன்றைக்கு அடித்தது சாவு அடி. மரத்தடிக் கூட்டம் அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அதில் என் வீட்டுக்காரரும்.

நான் பாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன்.

"பொட்டக் காட்டு வெயிலுல எம்புள்ள ஓடி நிக்க
காருல வந்தவளுக்குச் சட்டையக் குடுத்த ராசா
பஸ்ஸு ஏறப் பை புடிச்சி பச்சப்புள்ள காத்து நிக்க
பாக்காம மொகந்திருப்பிப் பறந்தோடிப் போன ராசா..."

ஒரே விசில். சிரிப்பு. செல்போனில் படம் பிடித்தார்கள். எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது.

ஆனால் ஒப்பாரி ராகம் இருக்கிறதே, அது திட்டுக்கு ஏற்ற ராகம் இல்லை. நாலு அடி போனதும் செத்தவர் செய்த நல்லதைக் கேட்கும். முப்பது வருடமாகச் சாவு வீட்டில் பாடிய வாய் எனக்கு. நான் என்ன சொல்ல வேண்டும் என்று யோசிப்பதற்குள் வாய் அதன் வழியில் போய்விட்டது.

"முள்ளு மரம் வெட்டி மைதானங் கண்ட ராசா
முட்டி ஒடஞ்ச புள்ளையத் தோளு மேல தூக்கிக்கிட்டு
ஆசுபத்திரி வாசலுல அன்னந்தண்ணி இல்லாம
காத்துக் கெடந்த ராசா, இப்ப காணாமப் போனதெங்கே..."

கடைசி அடி வந்தபோது என் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை. சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிஜமாகவே அழுதார்கள். மேளக்காரப் பையன் மட்டும் நிறுத்தத் தெரியாமல் அடித்துக்கொண்டிருந்தான்.

செக்கரட்டரி வீடு அங்கிருந்து இரண்டு தெருதான். இதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை என்று இன்றைக்குச் சொன்னால் யார் நம்புவார்கள்? நிஜமாகவே யோசிக்கவில்லை. பேப்பரில் வந்த நாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த அவர் மனைவிக்கு, கொடும்பாவி வைக்கப்போகிறார்கள் என்று போய்ச் சொல்ல எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்குக் கேட்டதெல்லாம் சாவு மேளமும் என் குரலும்தான். என் குரலை இந்த ஊரில் எந்த வீட்டு வாசலில் கேட்டிருப்பாள்?

தலைவிரி கோலமாகத் தெருவில் ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை. கூட்டம் தானாக விலகியது. "ஐயோ, என்ன விட்டுட்டுப் போயிட்டீங்களா" என்று ஒரு சத்தம். அப்படியே பாடை மேல் விழுந்து இரண்டு காலையும் கட்டிக்கொண்டாள்.

வைக்கோல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. அவள் கை அப்படியே நின்றது. மெதுவாகத் துணியை விலக்கினாள். பேன்ட் நுனியிலிருந்து வைக்கோலை ஒரு பிடி உருவி எடுத்துப் பார்த்தாள். மேலே துணியைத் தூக்கி அந்தக் கோணல் ஜாடியையும் பார்த்தாள்.

இப்போது எங்களை மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று நினைத்தேன். தூற்றியிருக்கலாம். தாலி கட்டிய புருஷன் உயிரோடிருக்கும்போது பாடை கட்டியவர்களை என்ன சொன்னாலும் தகும். அவள் அந்த வைக்கோலை மார்போடு அணைத்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டாள்.

"வைக்கலா? வெறும் வைக்கலுதானா? நீங்க நல்லா இருக்கணும் சாமி. கொளுத்துங்க. எவ்ளோ வேணாலும் கொளுத்துங்க."

டீக்கடைக்காரர் கையில் இருந்த மண்ணெண்ணெய் கேனைக் காலுக்குப் பின்னால் மறைத்தார். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் பின்னால் போய் உட்கார்ந்து, விரிந்து கிடந்த முடியை அள்ளிக் கொண்டை போட்டேன். அந்த முடி அப்படிக் கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அவரு எங்கன்னு ஒனக்குத் தெரியுமா? யாரு கூப்ட்டாலும் எடுக்க மாட்றாரு அக்கா."

மரத்தடியில் இருந்தவர்கள் ஆளாளுக்கு மறுபடி போன் போட்டுப் பார்த்தார்கள். எடுக்கவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, என் போனிலிருந்து அடித்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார்.

"சொல்லுக்கா. திட்டத்தான கூப்புட்ட? திட்டு."

ஆறுதல் சொல்கிறவர்கள் போனை எடுக்காத மனுஷன் என் போனை எடுத்திருக்கிறார். பின்னால் லாரி போகிற சத்தமும் காற்றும் இரைந்தன.

"எங்கய்யா இருக்கற?"

"சேத்தியாத்தோப்பு ஆத்துப் பாலத்துல நிக்கறேன்க்கா."

நான் அதைத் திருப்பிச் சொன்னதும் எல்லோருக்கும் முகம் வெளுத்துவிட்டது. என் வீட்டுக்காரர் வண்டியை உதைத்தார். டீக்கடைக்காரர் கேனைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பின்னால் ஏறினார். அத்தனை நாள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு பேர். போகிற போக்கில் என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, பேசு, பேசிக்கொண்டே இரு என்று கையைக் காட்டினார்.

நான் திட்ட ஆரம்பித்தேன். வேறு என்ன பேசுவது? வா என்று கெஞ்சினால் போனை வைத்துவிடுவார். திட்டினால் கேட்டுக்கொண்டு நிற்பார், வாங்க வேண்டியதுதான் என்று நினைத்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் என் பெண் நின்றதைச் சொன்னேன். "ம்" என்றார். யோவ், பணம் வேணும்னா எங்கள்ட்ட கேட்டிருந்தா ஊரே சேந்து குடுத்திருக்க மாட்டமா என்றேன். அதற்கும் "ம்". நெஞ்சில் அடைத்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். அவர் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு காதை போனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் திட்டுத் தீர்ந்துவிட்டது. சத்தியமாகத் தீர்ந்துவிட்டது. இத்தனை மாதம் எரிந்த வயிறு, இவ்வளவுதானா இருந்தது? வண்டி அப்போதுதான் ஊர் எல்லையைத் தாண்டியிருக்கும். விடக் கூடாதே! அவர் எப்போதும் போடுகிற சட்டையைத் திட்டினேன். ஆஃப்சைடு கொடுத்த ரெஃபரியைத் திட்டினேன், அவரைக் கூட்டி வந்ததற்கு இவரைத் திட்டினேன். கோல் கம்பத்துக்கு வலை கட்டத் தெரியவில்லை என்று திட்டினேன்.

"அது நான் கட்டலக்கா" என்றார்.

"வாய மூடுய்யா. எதுத்தா பேசற?" என்றேன். அவர் பதில் பேசியதில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

அதற்கு மேல் சொல்ல ஒன்றுமே இல்லாமல் போனபோது, என் பெண் அழாததைச் சொன்னேன். அன்றைக்கும் அழவில்லை, இன்று வரைக்கும் உன்னை ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை, நான் திட்டினால் எழுந்து வெளியே போய்விடுகிறாள் என்று சொன்னேன். அந்தப் பக்கம் "ம்" வரவில்லை. அழுகிற சத்தம் வந்தது. பெரிய ஆம்பிளை, குழந்தை மாதிரி அழுதார். நான் விடாமல் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கே அது காதில் விழவில்லை.

திடீரென்று வண்டி நிற்கிற சத்தம், யாரோ ஓடுகிற சத்தம், ஏதோ இழுபறி. போனில் என் வீட்டுக்காரர் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது.

"நிறுத்துடி. ஆளு எங்க கையில இருக்கறாரு. போதும், நிறுத்து."

என்னால் நிறுத்த முடியவில்லை. அவர் மனைவி என் மடியில் தலையை வைத்துவிட்டாள். நான் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, வூட்டுக்கு வாய்யா, வந்து சேருய்யா, இன்னும் எவ்ளோ திட்டணும் தெரியுமா என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டே இருந்தேன்.