தொலைக்காட்சி இல்லாதவனுக்குச் சொன்ன கதை

பிரிட்டன்காரர்களின் நெடுந்தொடர்களை நான் பார்க்க ஆரம்பித்தது பொழுதுபோக்குக்காக இல்லை. வீட்டிலேயே ஆங்கிலப் பேச்சு வகுப்பு எடுக்கிறேன். யாங்கோன் ஓரத்து லைங் தாயாவில் தையல் ஆலை வேலையை விட்டுவிட்டு, வெளிநாட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போக நினைக்கிற பெண்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். பாடப்புத்தகத்து ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அங்கே ஒரு கிழவியிடம்கூடப் பேச முடியாது. அந்த ஜனங்கள் நிஜமாகவே எப்படிப் பேசுகிறார்கள் என்று காதைப் பழக்கத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

மூன்று தொடர்கள் பார்க்கிறேன். மூன்றும் நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கியவை, இன்னும் முடியாதவை. ஒன்று வடக்கே செங்கல் வீடுகள் நெருக்கிக் கட்டிய ஒரு தெருவில் நடக்கிறது. இன்னொன்று லண்டனின் கிழக்குப் பக்கம் ஒரு சதுக்கத்தில். மூன்றாவது ஆடு மேய்கிற ஒரு மலையூரில்.

தெருத் தொடரில் எந்தக் கெட்ட செய்தி வந்தாலும் முதலில் தேநீருக்குத் தண்ணீர் வைப்பார்கள். புருஷன் ஓடிப்போனாலும் தேநீர், கடை தீப்பிடித்தாலும் தேநீர். அங்குள்ள கிழவிகளுக்கு வாய் நீளம். எங்கள் வார்டில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நின்றால் அதே பேச்சைப் பர்மிய மொழியில் கேட்கலாம். சதுக்கத்துக்காரர்களுக்கோ தொண்டை பெரிது. கல்யாணமோ கருமாதியோ, கடைசியில் மதுக்கடை நடுவில் நின்று யாராவது குட்டை உடைத்தே தீருவார்கள். கிறிஸ்துமஸ் அன்று அங்கே ஒரு குடும்பமாவது நிம்மதியாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மலையூரில் இருப்பதே கையளவு ஜனம். அத்தனை கொலைக்கும் ஆள் எங்கிருந்து கிடைக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

யாரோ இணையத்தில் ஏற்றிவைத்திருக்கிற மிகப் பழைய பகுதிகளையும் பார்த்திருக்கிறேன். அவற்றில் இரண்டு பெண்கள் ஜன்னல் திரையைப் பற்றியே அரைமணி நேரம் பேசுவார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். இப்போது மாதம் ஒரு கூரை இடிகிறது, ஆளாளுக்கு ஒரு ரகசியம். பகுதி முடிந்ததும் இதமான குரலில் ஒரு அறிவிப்பு வரும். இந்தக் கதை உங்கள் மனதைப் பாதித்திருந்தால் இன்ன எண்ணை அழையுங்கள், பேச ஆள் இருக்கிறார்கள் என்று. முதல் தடவை கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தேன். யாங்கோனில் இருந்துகொண்டு அந்த எண்ணை யார் அழைப்பது?

எங்களுக்கு மின்சாரம் வரும்போதுதான் வரும். வந்தவுடன் தெரு முழுக்க “மீ லா பீ!” என்று கூச்சல் எழும், விளக்கு வந்துவிட்டது என்று. சோறு ஆக்க ஓடாமல் நான் மடிக்கணினியைச் செருகிவிட்டு, விபிஎன் போட்டு, கிடைத்த பகுதிகளை இறக்கிவைப்பேன். அம்மா திட்டுவாள். இப்படிச் சேர்த்துவைத்துப் பார்ப்பதால் எப்போதும் கதையில் இரண்டு வருஷம் பின்தங்கித்தான் இருப்பேன்.

தம்பி திரும்பி வந்தபோதும் அப்படித்தான் இருந்தேன்.

அவன் எல்லைப் பக்கம் கணினி வேலை என்று ஒரு தெரிந்தவர் சொன்னதை நம்பிப் போனவன். அது என்ன வேலை என்று பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மதில் கட்டிய கட்டிடங்களுக்குள் பையன்களை அடைத்துவைத்து, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற தனிமையான மனிதர்களிடம் வேறொருவராக நடித்துப் பேசவைத்துப் பணம் கறக்கிற இடம். எப்படியோ விடுபட்டு வந்தான். யாருடைய சட்டையோ போட்டிருந்தான், தோளில் நிற்கவில்லை. மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகிற சத்தத்தில் பிறந்து வளர்ந்தவன், இப்போது ரயில் வந்தால் விறைத்துப்போனான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவன் விரல்கள் முழங்கால்மேல் தட்டச்சு செய்துகொண்டிருந்தன. என்னால் அதைப் பார்க்க முடியாது, எழுந்து போய்விடுவேன்.

“யாரும் அவன்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது. சோறு போடுங்க, போதும்,” என்றாள் அம்மா.

நாங்கள் கேட்கவில்லை.

ஒரு மாலை மழை பெய்துகொண்டிருந்தது. தெருத் தொடரில் பூக்கடைக்காரி தன் பிறந்தநாளுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வாளியோடு என் பின்னால் போன தம்பி நின்றான்.

“இவ செத்துருவா, அக்கா. மாடிப்படியில விழுந்து.”

“ஏண்டா கதையைக் கெடுக்கிற!” என்று கத்தினேன். வந்ததிலிருந்து அவனை நான் அதட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கொஞ்ச நாளில் பூக்கடைக்காரி மாடிப்படியில் விழுந்து செத்தாள்.

“அங்கே இதெல்லாம் பார்க்க விட்டாங்களா?” என்று அன்றைக்குக் கேட்டுவிட்டேன்.

“பார்க்கல. ஒரு அம்மா சொன்னாங்க.”

அன்று சொன்னான். அவனுக்குக் கொடுத்திருந்த வேஷம் நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிற பொறியாளர். மனைவி இறந்தவர், நல்ல மனிதர், நரைத்த தாடி. யாருடைய புகைப்படமோ. இங்கிலாந்தில் வடக்கே ஒரு ஊரில் தனியாக இருந்த ஒரு வயதான அம்மாவிடம் அந்த வேஷத்தில்தான் பேசினான். பேச்சுவாக்கில் கடலில் தொலைக்காட்சி இல்லை என்று எழுதியிருக்கிறான். அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் தெருத் தொடர் முடிந்ததும் அன்றைய கதையை அவனுக்கு எழுதி அனுப்பியிருக்கிறார்.

“முதல்ல பணம் அனுப்பினாங்க,” என்றான். “அப்புறம் அனுப்பல. கதை மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. மேலே இருந்தவங்க, விடாதே, பேசு, திரும்ப அனுப்புவாங்கன்னு சொன்னாங்க. பேசினேன்.”

அதன்பிறகு நாங்கள் சேர்ந்து பார்த்தோம். இரண்டு பேர் என்று சொல்ல முடியாது. திரையில் ஒரு கிழவன் தன் பழைய காரை விற்றுவிட்டுத் தெருமுனையில் நின்றால், “இந்த இடத்துல அந்தம்மா அழுதாங்களாம்,” என்பான் தம்பி. ஒரு மருமகள் வாயைத் திறந்தால், “இவளைக் கண்டாலே அந்தம்மாவுக்கு ஆகாது.” நான் சிரிப்பதற்கு முன்பே எங்கோ அவர் சிரித்து முடித்திருப்பார். அவர் திட்டிய பெண்ணை நானும் திட்டினேன். மின்விசிறி நின்ற வீட்டில், பேட்டரி வெளிச்சத்தில், எங்களுக்கு நடுவில் யாரோ காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்கு இருக்கும். பயமாகத்தான் இருந்தது. என் தம்பி ஏமாற்றிய ஒரு மனுஷி என் வீட்டுக் கூடத்தில் குடிவந்துவிட்டார், போகச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

சதுக்கத் தொடரை அவனுக்குக் காட்டினேன். பத்து நிமிஷத்தில் எழுந்துகொண்டான். “அந்தம்மா சொன்னது சரிதான். இதுல ஒரே சத்தம்.”

ஒருநாள் கேட்டான்: “அக்கா, அந்த விதவைக் கதை எப்ப வரும்?”

எந்த விதவை என்று எனக்குப் புரியவில்லை. அந்த அம்மா கடைசியாகச் சொல்லிக்கொண்டிருந்தது அந்தக் கதைதானாம். தெருவில் ஒரு விதவை. அவளிடம் தொலைபேசியில் ஒருவன் அன்பாகப் பேசுகிறான். அவன் சொல்வது எல்லாம் பொய் என்று அவளுக்கு ஒருநாள் தெரிந்துவிடுகிறது. அவள் யாரிடமும் சொல்லவில்லை, அவனோடு பேசுவதையும் நிறுத்தவில்லை. அதுவரைக்கும் அந்த அம்மா சொல்லியிருந்தபோது இவனை வேறு கட்டிடத்துக்கு மாற்றிவிட்டார்கள், கைப்பேசியையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

“அவ மன்னிச்சாளா இல்லையான்னு பார்க்கணும்,” என்றான். இத்தனை நாளில் அவன் வேண்டும் என்று கேட்டது அது ஒன்றைத்தான். ஒரு சட்டைகூடக் கேட்கவில்லை.

நான் ஆவலாகத்தான் தேடினேன். சமையலை அம்மா தலையில் கட்டிவிட்டு, ஒரே மூச்சில் பகுதி பகுதியாக ஓட்டினேன். அந்தத் தெருவில் விதவைகளுக்குப் பஞ்சமில்லை. ஒருத்திக்கு நாய், ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்தி தையல்காரரைக் கட்டிக்கொண்டாள். தொலைபேசிக்காரன் யாருக்கும் இல்லை. இவன் மாற்றப்பட்ட மாதத்தைத் தாண்டிப் போனேன். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டுக் கதவு திறக்கும்போதும் முன்னால் குனிவான்.

அந்த அம்மா தொடரை மாற்றிச் சொல்லியிருப்பாரோ என்று நினைத்தேன். வயதானவர், ஒன்றோடு ஒன்று குழம்பியிருக்கலாம். ஆனால் இத்தனை வருஷம் பார்த்தவளுக்கு ஒன்று தெரியும்: ஒரு தொடரின் கதையை இன்னொன்றில் வைக்க முடியாது. சதுக்கத்தில் அந்த விதவைக்கு விஷயம் தெரிந்திருந்தால் அன்றைக்கே மதுக்கடையில் கண்ணாடி உடைந்திருக்கும். மலையூரில் என்றால் அந்த ஆளே கிளம்பி வந்து வைக்கோல் கொட்டகையில் ஒளிந்திருப்பான். தெரிந்தும் தெரியாததுபோல் ஒருத்தி பேசிக்கொண்டே இருப்பதை இந்த மூன்றில் யாரும் எழுத மாட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

இருந்தாலும் மனம் ஒப்பவில்லை. ரசிகர்கள் வாராவாரம் எழுதிவைக்கிற கதைச்சுருக்கங்களை மூன்று தொடர்களுக்கும் உட்கார்ந்து படித்தேன். ஒன்றில் ஏமாற்றுக்காரன் கதை இருந்தது. ஆனால் அது எப்போதோ வந்த பழைய கதை, ஏமாந்தது ஒரு வாலிபன். விதவை எங்கேயும் இல்லை. கடைசிச் சுருக்கத்தைப் படித்துவிட்டு மடிக்கணினியை மூடினேன். அவனிடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அவன் காத்திருக்கிறவரைக்கும் தினமும் வந்து என் பக்கத்தில் உட்காருவான். அந்த ஆசையும் எனக்கு இருந்தது.

மறுநாள் மாலை மின்சாரம் வந்தது. தெருவே கூவியது. அவனாகவே வயரைச் செருகிவிட்டுப் பாயில் வந்து உட்கார்ந்தான்.

“இன்னிக்கு வந்துரும்ல, அக்கா?”

“வராதுடா. அப்படி ஒரு கதை எதுலயும் இல்ல. மூணுலயும் தேடிட்டேன்.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படுவான், நான் சரியாகத் தேடவில்லை என்பான் என்று எதிர்பார்த்தேன். அவனுக்குப் புரிய எனக்கு ஆன நேரம்கூட ஆகவில்லை.

“அப்ப அது அவங்கதான்,” என்றான்.

“ஆமா.”

“தெரிஞ்சேதான் பேசியிருக்காங்க.”

“ஆமாண்டா.” அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன். “உன்மேல கோபம் இருந்தா உக்காந்து இப்படிக் கதை கட்டியிருப்பாங்களா? மன்னிச்சுட்டாங்கன்னு வச்சுக்கோ.”

அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று.

“கடைசி நாள் கதையை நான் உனக்கு முழுசாச் சொல்லல, அக்கா. அந்த விதவை அவன்கிட்ட ஒண்ணு கேக்கறா. உனக்குப் பின்னாடி யாராச்சும் நிக்கிறாங்களான்னு. ஆமான்னு ஒரு வார்த்தை எழுதினாப் போதும், எங்கே சொல்லணுமோ நான் சொல்றேன்னு. அதோட இன்னிக்கு முடிஞ்சுதுன்னு எழுதினாங்க. எழுதிட்டு, அவன் என்ன பதில் சொல்லுவான்னு நீங்க நினைக்கிறீங்கன்னு என்னைக் கேட்டாங்க.”

“நீ என்ன எழுதின?”

“யாரும் இல்லன்னு சொல்லுவான்னு எழுதினேன். கதைன்னுதானே நினைச்சேன்.” விரல்கள் முழங்கால்மேல் அசையாமல் கிடந்தன. “ரெண்டு பேரு நின்னாங்க, அக்கா. அப்ப என் பின்னாடி ரெண்டு பேரு நின்னுக்கிட்டு இருந்தாங்க.”