ஓப்பன் ஹவுஸுக்கு வெற்றிலை பாக்கு

எவலின் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை நம்மைச் சர்ச்சில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவாள் என்று எனக்குச் சொன்னது எதிர்வீட்டு ரூபினி. ரூபினிக்குச் சொன்னது சுங்கைப் பட்டாணியில் இருக்கும் அவளுடைய நாத்தனார். நாத்தனாருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"பசார்ல பேசிக்கிட்டாங்களாம்க்கா. நெருப்பில்லாம பொகையுமா?" என்றாள்.

நாங்கள் கடல் தாண்டி, மலாய் நாட்டில் இருக்கும் இந்தக் கூலிமுக்கு வந்து அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. என் கணவர் காளிதாசனுக்குக் கூலிம் ஹைடெக் பூங்காவில் சிப் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. எனக்கு வீட்டில் இருப்பதற்கு மட்டும்தான் விசா. கரூரில் தமிழும் ஆங்கிலமுமாகப் படித்து வளர்ந்தவள். இங்கே வந்த பிறகு இரண்டு மொழியிலும் கவலைப்படப் பழகியிருந்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் மலாயில் ஏதாவது கேட்டால் கதவுக்குப் பின்னால் நின்று தலையாட்டுவேன். எதற்குத் தலையாட்டினோம் என்று அவர் போன பிறகு உட்கார்ந்து யோசிப்பேன். அப்படிப்பட்டவள் காதில் இப்படி ஒரு செய்தி விழுந்தால் என்ன ஆகும்? எவலின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, அந்தத் தெருவை விட்டுச் சுற்றி நடந்தேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம் எங்கள் வீட்டு ஏர்கோன் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. பழுதுபார்க்க வந்தவருக்கு நெற்றி நிறையத் திருநீறு. பெயர் திவாகரன். ஏணியில் நின்றபடியே, "தீவாளிக்கு எங்கண்ணே போறீங்க?" என்று என் கணவரைக் கேட்டார். எங்கேயும் இல்லை என்றதும், "அப்ப நம்ம வீட்டுக்கு வந்துருங்க. ஓப்பன் ஹவுஸ். என் வைஃப் எவலின் நல்லா சமைப்பா" என்றார்.

காளிதாசனுக்கு வாயில் எதுவும் தங்காது. ரூபினி சொன்னதை அப்படியே ஒப்பித்துவிட்டார். நான் சமையலறைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். திவாகரன் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது.

"அண்ணே, கல்யாணமாகி நாலு வருசம் ஆவுது. ஈரத் துண்ட கட்டில் மேல போடாதேன்னு டெய்லி சொல்றா. அதையே அவளால மாத்த முடியல. உங்கள எங்க மாத்தப் போறா லா!" பேச்சு முடிவில் இப்படி ஒரு 'லா' போடுவது இந்த ஊர் வழக்கம்.

"சரி, யார் யாரையெல்லாம் கூப்பிட்டிருக்கீங்க?" என்றார் காளிதாசன்.

"யாரையும் கூப்புடல. கூப்புட்டா அது ஓப்பன் ஹவுஸ் இல்லையே."

எனக்கு இது விளங்கப் பல நாட்கள் பிடித்தன. இங்குள்ள பத்திரிகைகள் திறந்த இல்ல உபசரிப்பு என்று எழுதுகின்றன. பண்டிகை நாளில் வீட்டைத் திறந்து வைத்துவிடுவார்கள். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர், வழியில் போகிறவர், யார் வேண்டுமானாலும் வரலாம். கரூரில் அழைப்பு இல்லாமல் விருந்துக்குப் போனால் அது ஏழு தலைமுறைக்கும் பேச்சாகிவிடும். இங்கே அழைப்புக்குக் காத்திருப்பவன்தான் பட்டினி கிடப்பான்.

பயந்துகொண்டேதான் போனேன். எவலின் வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைவிட இளையவள், ஒல்லி, குரல் மட்டும் கனம். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஊர்லேருந்து வந்த அக்காவா? சும்மா நிக்காதீங்க, சாம்பார் ஊத்துங்க" என்று கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஒரு கரண்டிக்கு நான் அவளுக்கு என்றைக்கும் கடமைப்பட்டவள். கையில் கரண்டி வைத்திருக்கும் பெண்ணை, நீ யார் என்று யாரும் கேட்பதில்லை. வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் பேசினார்கள். நானும் பேசினேன். மலாய்க்காரப் பெண் ஒருத்தியிடம் கைஜாடையில் புடவை கட்டுவது எப்படி என்றுகூட விளக்கினேன்.

அவளுடைய விருந்தில் மூன்று மேசைகள் இருக்கும். ஒன்று முழுக்கச் சைவம், திவாகரன் பக்கத்து உறவுக்காக. இரண்டாவதில் ஆடும் கோழியும். மூன்றாவது வெளியே பந்தலடியில். அங்கே மலாய்ச் சமையல்காரர் ஒருவர் தம் பாத்திரங்களோடு வந்து குச்சியில் குத்திச் சுட்ட சாத்தே இறைச்சியும் மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸும் செய்து வைப்பார், அவள் வேலை செய்யும் தொழிற்சாலையின் மலாய்த் தோழிகளுக்காக. மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் அந்த வீட்டுக்குள் வருவதே இல்லை. 'இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்' என்று யாரும் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் இதே ஏற்பாடு.

கூட்டம் கலையும் நேரத்தில் அவள் செய்ததுதான் எனக்குப் புதிதாக இருந்தது. ஒரு பெரிய டப்பாவில் ஆட்டுக்கறியை நிரப்பி, "செர்டாங் பக்கம் போறவங்க யாரு?" என்று குரல் கொடுத்தாள். யாரோ கை தூக்கினார்கள். "எங்கப்பாகிட்ட குடுத்துருங்க."

அப்பா ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாதோ என்ற பயம்.

அதன் பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை அவர்கள் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். எவலின் சர்ச்சில் பூசை முடிந்து வருவாள். திவாகரன் அதுவரை தூங்கி எழுந்து காரைக் கழுவி வைத்திருப்பார். காரின் பின்பெட்டியில் பாயும் ஐஸ் பெட்டியும் எப்போதும் கிடக்கும். ஜெராய் மலைக்குப் போனோம். பந்தாய் மெர்டேகா கடற்கரையில் மீன் சுட்டுத் தின்றோம். வழியெல்லாம் அவள் தன் கதையைச் சொல்லிக்கொண்டே வருவாள். செர்டாங்குக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ஏசுதாசன் அங்கே எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தவர். அம்மா, இவள் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த வரிசை வீடுகளில் இருந்த இந்துக் குடும்பங்கள் எல்லாம் இவர்கள் வீட்டில்தான் சாப்பிடும். அப்பாவே சமைத்து, அப்பாவே பரிமாறுவாராம்.

"என் கை பெருசு, கொஞ்சமா சமைக்கத் தெரியாதுன்னு இவரு கத்துவாரு. அது எங்கப்பா கை" என்பாள்.

டிசம்பர் தொடக்கத்தில் சுங்கை செடிம் ஆற்றுக்குப் போயிருந்தோம். குளித்துவிட்டுப் பாறைமேல் உட்கார்ந்து எவலின் கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு இல்லாத தைரியம் காளிதாசனுக்கு உண்டு. கேட்டுவிட்டார்.

"எவலின், உங்க அப்பா ஏன் உங்க வீட்டுக்கு வர்றதே இல்ல? கல்யாணத்துல கோவமா?"

"கோவமா இருந்தா கல்யாணத்துக்கே வந்திருக்க மாட்டாரேண்ணே. கோவில்லயும் நின்னாரு, சர்ச்லயும் நின்னாரு." கணவரைக் காட்டினாள். "இந்த ஆளைக் கேளுங்க."

"ஆரம்பிச்சிட்டியா?" என்றார் திவாகரன்.

"மொதக் கிறிஸ்மஸ் ஓப்பன் ஹவுஸுக்கு வாட்ஸ்அப்புல ஒரு கார்டு செஞ்சாரு. போன்ல இருக்குற அத்தன பேருக்கும் ஒரே அமுக்கு. 'நண்பர்களே, திரண்டு வாரீர்'னு. எங்கப்பாவுக்கும் அதே கார்டு."

"நல்ல கார்டு லா. மான் படமெல்லாம் போட்டு..."

"அப்பா பதிலுக்குக் கட்டைவிரல் அனுப்புனாரு. கட்டைவிரல் வந்துச்சு, ஆளு வரல. போன் போட்டா, 'கார்டு பாத்தேம்மா, அழகா இருந்துச்சு'ங்கறாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. நாங்க செர்டாங் போனா நல்லாத்தான் பேசுறாரு. நம்ம வீட்டு வாசப்படிதான் மிதிக்க மாட்டேங்கறாரு. இத்தன வருசத்துல ஒரு தடவ வந்து உக்காந்து சாப்டாப் போதும் எனக்கு. அதுக்காகத்தான் இத்தன சட்டி ஏத்துறேன்."

"நேர்ல போய் வெத்தல பாக்கு வெச்சு அழைக்கலையா?" என்றார் காளிதாசன்.

"அண்ணே, ஓப்பன் ஹவுஸுக்குப் போயி எவனாச்சும் வெத்தல பாக்கு வெப்பானா? ஊரே சிரிக்கும்."

"ஊரு சிரிக்கட்டும்" என்றாள் எவலின். "அவரு ஊரா?"

திவாகரன் கையிலிருந்த சாதத்தைத் தின்று முடித்தார். ஆற்றில் கை கழுவினார். பிறகு எழுந்து நின்று கால்சட்டையைப் பிழிந்தார்.

"எந்திரிங்க. இப்பவே போவோம்."

"இந்த ஈர டிராயரோடயா?"

"போற வழியில காஞ்சிரும்."

கூலிமில் ஒரு கடையில் நிறுத்தி வெற்றிலை, பாக்கு, ஆரஞ்சு, கற்கண்டு வாங்கினோம். தட்டு இல்லை. எவலின் எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்த பாத்திரத்தின் மூடியைத் துடைத்து எடுத்தாள். அதில் எல்லாவற்றையும் அடுக்கி என் மடியில் வைத்தாள். செர்டாங் போய்ச் சேரும்வரை இரு பக்கமும் செம்பனை மரங்கள். வளைவுக்கு வளைவு ஆரஞ்சு உருண்டு ஓட, நான் பிடித்துக்கொண்டே இருந்தேன். பெரியவர் திட்டினால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று ஒரு பக்கம் கவலை.

ஏசுதாசன் சட்டையில்லாமல் வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் நால்வரும் இறங்குவதைப் பார்த்தார்.

"என்னா, எல்லாரும் ஆத்துல வுழுந்துட்டு வர்றீங்களா?"

"ஆமாப்பா, செடிம் போனோம்."

"சாப்டாச்சா?" என்று கேட்டுவிட்டு மகளைப் பார்த்தார். "ஒன்னப் பத்தி இங்க என்ன பேசுறானுங்க தெரியுமா? நீ தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தியாம்."

"ஐயோ, வேடிக்க பாக்கப் போனேம்பா. ஒரு அம்மாவுக்கு வெயில்ல மயக்கம் வந்துச்சு. அவங்க தண்ணி குடிக்கிற வரைக்கும் கொடத்தப் புடிச்சேன்."

"நானும் அதத்தான் சொன்னேன். எம் மக எதையாச்சும் புடிச்சிக்கிட்டுத்தான் நிப்பான்னு."

திவாகரன் என் கையிலிருந்து மூடியை வாங்கி, இரண்டு கைகளாலும் நீட்டினார். "மாமா, கிறிஸ்மஸுக்கு நம்ம வீட்டுல விருந்து. நீங்க வந்து முன்ன நின்னு மொதக் கரண்டி போடணும்."

பெரியவர் மூடியைப் பார்த்தார். "மூடியிலயா மாப்ள?"

"தட்டு எடுக்க வீட்டுக்குப் போனா நேரமாயிரும் மாமா. நேரமானா எனக்குத் தைரியம் போயிரும்."

ஏசுதாசன் சிரிக்கவில்லை. மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். குழாயடிக்குப் போய்க் கை கால் கழுவினார். உள்ளே போய்ச் சட்டை போட்டு, எல்லாப் பொத்தானும் மாட்டிக்கொண்டு வந்தார். அதுவரை திவாகரன் நீட்டிய கைகளை மடக்கவே இல்லை. பிறகுதான் பெரியவர் மூடியை வாங்கிக்கொண்டார்.

"வருவீங்கல்லப்பா?" என்றாள் எவலின்.

"இத்தன வருசம் வராதவன் இப்ப வந்தா, கெழவன் வெத்தலைக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தான்னு பேச மாட்டானுங்களா?"

"யாருப்பா பேசுவா?"

"பேசுவானுங்க. பாப்போம்மா." கோப்பி கலக்கிக் கொடுத்தார். வெறும் மூடியைத் திருப்பித் தரக்கூடாது என்று அதில் ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் எவலின் என் பக்கம் திரும்பி, "சட்ட போட்டுக்கிட்டு வாங்குனாருல்லக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். கூலிம் வருவதற்குள் இன்னும் பலமுறை அதையே கேட்டாள். நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வது போலவே சொன்னேன்.

இன்று கிறிஸ்துமஸ். காலையிலேயே வந்துவிட்டேன். வெங்காயம் உரித்தேன், பந்தலடியில் நாற்காலி போட்டேன், மலாய்ச் சமையல்காரரிடம் ஐஸ் எங்கே என்று மலாயிலேயே கேட்டேன், அவருக்கும் புரிந்தது. இந்த ஊரில் எனக்குப் பயமில்லாத முதல் இடம் இந்த வீடுதான். இதைக் கொடுத்தவளுக்குத் திருப்பிக் கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? வெங்காயம் உரிக்கும்போது நான் வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியை என்று கேட்காதீர்கள். எல்லாரையும்தான்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. எதிர்வீட்டு ரூபினிகூட வந்து, இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். சைவ மேசையும் சாத்தேயும் காலியாகிக்கொண்டிருந்தன. பிரியாணிச் சட்டியை மட்டும் எவலின் திறக்கவில்லை. தம்முக்காக மாவு வைத்து ஒட்டிய மூடி அப்படியே இருந்தது.

திவாகரன் உள்ளே வந்தார். "லின், எல்லாரும் பிரியாணி எங்கன்னு கேக்குறாங்க. எவ்ளோ நேரந்தான் மறைக்கிறது?"

"மொதக் கரண்டி அப்பா போடணும்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன். வராட்டி?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஒலிபெருக்கியை அழுத்திச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பாவின் போனில் மணி அடிக்கத் தொடங்கியது.

"மோட்டார் சைக்கிள்ல வந்துக்கிட்டிருந்தா எடுக்க மாட்டாரு லா" என்றார் திவாகரன்.

"வீட்டுல உக்காந்திருந்தாலும் எடுக்க மாட்டாரு."

நான் கரண்டியைக் கழுவித் துடைத்து, சட்டியருகே வைத்தேன். திவாகரன் மெதுவாகச் சமையலறைக் கதவைச் சாத்தினார். வெளியே யாரோ மறுபடியும் பிரியாணி கேட்டார்கள். எவலின் அதைக் காதில் வாங்கவில்லை. மணி தானாக நின்றது. அவள் மறுபடியும் அதே எண்ணை அழுத்தினாள். நாங்கள் மூவரும் சட்டியைச் சுற்றி நின்றோம். போன் அடித்துக்கொண்டே இருந்தது.