தேர்டு பார்ட்டி மட்டும்

நான்கு வருடத்தில் அந்தக் காருக்கு இரண்டு முன்கண்ணாடி, ஒரு பானெட், ஒரு முழுக் கதவு மாற்றியாகிவிட்டது. விபத்து என்று பார்த்தால் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிரேக்கக்காவின் தம்பி கைவரிசை.

பிரேக்கக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஸ்கூல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரே ஒரு கார், வீட்டின் முன்னறையில் ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறிகள் அச்சடித்த ஒரு தாள், அவ்வளவுதான். ஓட்டக் கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. பதினெட்டு வருடத்தில் ஆயிரம் பேருக்கு மேல் கற்றுக்கொடுத்து, ஒருவர்மேலும் கீறல் விழாமல் பார்த்துக்கொண்டவள். அந்தப் பெயர் அதனால் வந்தது.

தம்பி லாரி ஓட்டியவன். சரக்கு இறக்கத் தாமதமாயிற்று என்று குடோன் மேற்பார்வையாளரின் தாடையைப் பெயர்த்தான். லைசென்ஸ் போயிற்று, ஆறு மாதம் உள்ளே இருந்தான், வெளியே வந்ததும் நேராக அக்கா வீட்டுக்கு வந்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள் என்று பட்டறை டிங்கர் சொல்லுவார். ஆனால் இந்த ஓணான் வேலியில் போகவில்லை, அவள் மடியிலேயே வளர்ந்தது. அம்மா செத்தபோது அவனுக்கு ஒன்பது வயது, இவளுக்குப் பத்தொன்பது. அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியவள் இவள்தான். கல்யாணம் என்று ஒன்று தனக்கும் உண்டு என்பதே அதில் மறந்துபோனது.

முதல் தடவை கார்ச் சாவி கேட்டான். லைசென்ஸ் இல்லாதவனுக்குத் தரமாட்டேன் என்றாள். ஜாக்கி லீவரை எடுத்து முன்கண்ணாடியைத் தூள்தூளாக்கினான். இரண்டாம் தடவை வீட்டை விற்றுப் பங்கு கொடு என்றான். வீடு அவள் உழைத்து வாங்கியது, அவனுக்கு ஏது பங்கு? பானெட்டை அடித்துக் குழிகுழியாக்கினான், மறுபடியும் கண்ணாடி போயிற்று. மூன்றாம் தடவை என்ன காரணம் என்று அவளுக்கே நினைவில்லை. அவள் கை இருக்கும்போதே கதவை அறைந்து சாத்தினான், பிறகு அதே கதவைக் கீல் பிய்யும்வரை உதைத்தான். இரண்டு விரல் வளைந்தது வளைந்ததுதான். வீட்டுக்குள் உடைந்த சாமானுக்கும், அவள் கன்னத்தில் விழுந்ததற்கும் யாரும் கணக்கு வைக்கவில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று தெருவில் சிலர் ஆறுதல் சொன்னார்கள். சொன்னவர்களை ஒரு நாள் அந்தக் கைக்கு எதிரே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு தடவையும் ஆத்திரம் அடங்கியபின் அவன் உட்கார்ந்து அழுவான். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொய் எழுதுவாள். மரக்கிளை முறிந்து விழுந்தது என்று எழுதியபோது, சேதம் பார்க்க வந்த சர்வேயர் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மரத்தைத் தேடினார். இருந்தது ஒரு மின்கம்பம். பையன்கள் விளையாடிய பந்து என்று எழுதியபோது, பானெட்டில் இருந்த குழிகளை எண்ணிவிட்டு, எத்தனை பந்து என்று மட்டும் கேட்டார். மூன்றாவதற்கு, நிறுத்தியிருந்த வண்டியை ஏதோ லாரி இடித்துவிட்டுப் போய்விட்டது. கம்பெனி பணம் கொடுத்தது, டிங்கர் புதிதாக்கிக் கொடுத்தார்.

பட்டறையிலிருந்து வந்த காரை ஒரு நாள் தம்பி தட்டிக் கொடுத்தான். “என்னாலதான் உனக்கு வருஷா வருஷம் புது வண்டி வருது. ஒரு நன்றியாவது சொல்றியா?” என்றான். அன்றைக்கு அவளும் சிரித்துத் தொலைத்தாள். அந்தச் சிரிப்பை மட்டும் அவளால் தனக்கே மன்னிக்க முடியவில்லை.

இந்த வருடம் கம்பெனி விழித்துக்கொண்டது. இனி உங்கள் பாலிசியைப் புதுப்பிக்க இயலாது என்று கடிதம் வந்தது. இன்சூரன்ஸ் இல்லாமல் காரைத் தெருவில் எடுக்க முடியாது, கார் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. வேறு கம்பெனியின் ஏஜென்ட் அம்மாவை வரச் சொன்னாள்.

ஏஜென்ட் அம்மா வந்து, ஒரு கால் ஒடிந்து செங்கல்லில் நின்ற மேஜைமேல் தாள்களைப் பரப்பினார். வீட்டுக்கும் காருக்கும் சேர்த்துப் போட்டால் பிரீமியம் குறையும் என்றார். தீ, வெள்ளம், திருட்டு, கலவரம் என்று விரல்விட்டு விளக்கினார். எதிலும் தலை கொடுக்காத தம்பி அன்று நிலைக்கதவில் சாய்ந்துகொண்டு காதைத் தீட்டினான். வீடு முழுசாக எரிந்தால் எவ்வளவு வரும் என்று கேட்டான். அக்கறையுள்ள பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்து ஏஜென்ட் அம்மாவும் உற்சாகமாகச் சொன்னார்.

அவர் தெரு திரும்பியதும் அவன் சமையலறைக்கு வந்தான்.

“எல்லாத்துக்கும் ஃபுல்லா போடு. ஒரு மாசம் போகட்டும், நான் கொளுத்திடறேன். பாதி உனக்கு, பாதி எனக்கு.”

முடியாது என்றாள். தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து நெற்றியைச் சுவரில் மோதினான். இரண்டு தடவை. யோசித்து வை என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

அவள் யோசித்தாள். குழாயடியில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டே யோசித்தாள். கொளுத்துவான், சந்தேகமில்லை. தான் உள்ளே இருக்கும்போதே கொளுத்தினாலும் ஆச்சரியமில்லை. உடைத்தால் புதுசு வரும் என்று அவனுக்குப் பாடம் எடுத்தது யார்? ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், இவனுக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அவமானமாக இருந்தது. பயத்தைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

மறுநாள் நெற்றியில் பிளாஸ்திரியோடு ஏஜென்ட் அம்மாவின் ஆபீசுக்குப் போனாள். வீட்டில் இருப்பவரே வேண்டுமென்று உடைத்தால் பணம் வருமா என்று கேட்டாள். எந்தக் கம்பெனியும் தராது என்றார் அவர். பிளாஸ்திரியைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, விண்ணப்பத்தில் வீட்டில் வசிப்பவர்கள் என்ற இடத்தில் தம்பியை எழுத வேண்டாம், ஏதாவது ஆனால் வெளியாள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று வழி சொன்னார். நல்ல மனசுதான். ஆனால் அந்த வழியில்தான் அக்கா நான்கு வருடம் நடந்திருந்தாள்.

“காருக்குத் தேர்டு பார்ட்டி மட்டும் போடுங்க. வீட்டுக்கு எதுவும் வேணாம்” என்றாள்.

ஏஜென்ட் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேர்டு பார்ட்டி என்றால், நம் கார் இடித்து அடுத்தவருக்கு ஏதாவது ஆனால் அவருக்குக் கிடைக்கும். நம் காருக்கு ஒரு சல்லிக்காசு கிடைக்காது. கற்றுக்குட்டிகள் ஓட்டுகிற வண்டிக்கு யாராவது இப்படிப் போடுவார்களா? வீடு எரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

“எரிஞ்சா அவனும் என்கூடத் தெருவுலதான் நிக்கணும். அது அவனுக்குத் தெரிஞ்சிருக்கணும்.”

வீட்டுக்கு வந்து பாலிசித் தாளை அவன் கையிலேயே கொடுத்தாள். இனி உடைத்தால் உடைந்ததுதான், எரித்தால் எரிந்ததுதான், புதுசாக எதுவும் வராது என்று நிதானமாகச் சொன்னாள். அவன் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. சும்மா பூச்சாண்டி காட்டுகிறாள் என்று நினைத்துச் சுருட்டி எறிந்தான்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குப் புது மாணவர் வந்தார். தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற குமாஸ்தா. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாவியை எப்போது திருப்பலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது தம்பி ஜாக்கி லீவரோடு படியிறங்கி வந்தான்.

முதல் அடி முன்கண்ணாடியில். குமாஸ்தாவின் மடி நிறையக் கண்ணாடிச் சில்லு. பதற்றத்தில், நின்றுகொண்டிருந்த காருக்கே அக்கா பிரேக் போட்டாள். இரண்டாம் அடி பானெட்டில். அவரை இழுத்துத் தன் பக்கக் கதவு வழியாக வெளியே தள்ளும்போது மூன்றாவது அவள் தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் விடவில்லை. விளக்கு இரண்டையும் நொறுக்கினான், கூரையை நசுக்கினான், நான்கு பக்கக் கண்ணாடியையும் வரிசையாக உடைத்தான். தெருவில் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு தலை தெரிந்தது, ஒரு கதவும் திறக்கவில்லை. அறுவடை முடித்தவன்போலத் தம்பி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

“போ. போயி கிளெய்ம் போடு.”

“எதுக்குப் போடறது? நேத்து உன் கையில கொடுத்தேன், நீதான் படிக்கல. டிங்கர் வரமாட்டாரு. இந்த வண்டி இனிமே இப்படித்தான். உனக்குச் சோறு இதுலேர்ந்துதான் வந்துச்சு.”

பொய் சொல்கிறாய் என்றான். அவன் காரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் காரைப் பார்த்தான். பிறகு ஓரக்கல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். அவள் கால் தண்ணீர் எடுக்க வாசல்பக்கம் இரண்டு எட்டு நடந்தே விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். சீட்டிலிருந்த சில்லைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பியது. சாட்சி சொல்ல வருவீர்களா என்று குமாஸ்தாவைக் கேட்டாள். அவர் பின்சீட்டில் ஏறினார். ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு, கண்ணாடி இல்லாத காற்று முகத்தில் அறைய, காரை போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினாள்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். தொங்கிய தோளையும் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். தம்பி என்றாள். கூடப் பிறந்தவன், பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடாதா என்று வழக்கம்போல அவர் ஆரம்பித்தார். அடுத்தது நான்தான் சார் என்றாள். அவர் அவளை உட்காரவைத்து எழுதத் தொடங்கினார். நான்கு வருடத்தில் நடந்த எல்லாவற்றையும் அவள் ஒன்று விடாமல் சொன்னாள். கம்பெனிக்கு எழுதிய பொய்யையும் சேர்த்தே சொன்னாள். குமாஸ்தா கையெழுத்துப் போட்டார். தம்பியைப் பிடித்துவர ஜீப் கிளம்பியது.

இன்ஸ்பெக்டர் கடைசித் தாளைத் திருப்பினார்.

“கைது பண்ணினா அவன் சொந்தக்காரங்களுக்குத் தகவல் சொல்லணும். யாருக்குச் சொல்றது? அவனுக்கு யாரு இருக்காங்க?”

அவள் அவரைப் பார்த்தாள். குமாஸ்தாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எனக்குத்தான் சார்” என்று சொல்லித் தன் போன் நம்பரைக் கொடுத்தாள்.